80 ஆட்டத் தடைக்குப் பின்னால்: அமெரிக்க பேஸ்பாலில் ஊக்கமருந்து ஏன் ஓயவில்லை?

2024-இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணிக்காக 10 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்தில் ஆடியவர் ஜூரிக்சன் புரோஃபார். மேஜர் லீக் பேஸ்பாலில் அது அடிமட்டத்துக்குப் பக்கத்துச் சம்பளம். அந்த ஆண்டு அவர் 24 ஹோம் ரன் (எல்லைச் சுவரைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், முதன்முறையாக ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2025 ஜனவரியில் அட்லாண்டா பிரேவ்ஸ் அவரை மூன்று ஆண்டுக்கு 4.2 கோடி டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது. புது அணிக்கு நாலு ஆட்டம் ஆடியதும், மார்ச் 31 அன்று அறிவிப்பு வந்தது: ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் 80 ஆட்டத் தடை.

தெரிந்து எதையும் எடுக்கவில்லை, ஆனால் பொறுப்பை ஏற்கிறேன் என்று புரோஃபார் சொன்னார். தடைக்காலச் சம்பளம் போனது. அந்த ஆண்டின் பிளேஆஃப் வாய்ப்பும் போனது. ஆனால் 4.2 கோடி டாலர் ஒப்பந்தம் அப்படியே நின்றது.

இந்தச் செய்தியைப் படிக்கிறவர்களுக்கு இயல்பாகவே சில கேள்விகள் எழும். இருபது ஆண்டுக்கு மேலாகச் சோதனை நடக்கிறதே, இன்னும் ஏன் ஆட்கள் சிக்குகிறார்கள்? 80 என்ற எண் எங்கிருந்து வந்தது? சிக்கிய பிறகும் அணி ஏன் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடவில்லை? மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் ஊக்கமருந்து விதி என்பது முதலாளிகளும் தொழிற்சங்கமும் பேரம் பேசி எழுதிக்கொண்ட தொழிலாளர் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை வரிசையாகப் புரியும்.

முதலில், மருந்து என்ன செய்கிறது?

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு சந்தேகம் வரும். பந்தைக் கணித்து மட்டையில் சேர்ப்பது கண்ணும் கையும் செய்கிற வேலை. அதில் ஸ்டீராய்டு என்ன உதவி செய்யும்? சரியான சந்தேகம்தான். பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் வரை 18.44 மீட்டர், வேகப்பந்து அதை ஏறத்தாழ 0.4 விநாடியில் கடந்துவிடும். அந்த நேரத்தில் முடிவெடுக்கும் திறமையை எந்த ஊசியும் தராது. ஆனால் பந்தில் மட்டை பட்ட பிறகு என்ன ஆகிறது என்பது வேறு கணக்கு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ரோஜர் டோபின் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். தசை 10 சதவீதம் கூடினால் மட்டை வேகம் சுமார் 5 சதவீதமும் பந்து கிளம்பும் வேகம் சுமார் 4 சதவீதமும் கூடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எல்லைச் சுவருக்கு ஓரிரு அடி முன்னால் விழுந்து கேட்சாகும் பந்துகள் எத்தனை! அவை சுவரைத் தாண்டிவிட்டால் ஹோம் ரன் எண்ணிக்கை 50 சதவீதமோ அதற்கு மேலோ ஏறலாம் என்றது அவர் கணக்கு.

புழக்கத்தில் இருந்த, இருக்கிற மருந்துகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. அனபாலிக் ஸ்டீராய்டுகள். டெஸ்டோஸ்டிரோனும் அதன் செயற்கை உறவினர்களும்: ஸ்டானோசொலால், நான்ட்ரோலோன், குளோஸ்டிபால். தசையைக் கூட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட முக்கியமானது, உடற்பயிற்சிக்குப் பிறகு உடம்பு தேறிவரும் வேகத்தைக் கூட்டுவது. சுமார் ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆட வேண்டிய விளையாட்டில் இதுதான் பெரிய ஆசை. மருந்து பேட்டர்களின் சமாசாரம் என்ற எண்ணமும் தவறு. சிக்கியவர்களில் பிட்சர்கள் நிறைய.

2. மனித வளர்ச்சி ஹார்மோன். காயம் சீக்கிரம் ஆறும் என்ற நம்பிக்கையில் எடுப்பார்கள். ரத்தச் சோதனையில்தான் தெரியும்.

3. ஆம்ஃபெட்டமைன். வீரர்கள் அறைகளில் 'கிரீனீஸ்' என்ற செல்லப்பெயரோடு பல பத்தாண்டுகள் உலவிய மாத்திரை. ராத்திரி ஆட்டம் முடித்து, விமானம் ஏறி, மறுநாள் மதியம் வேறு ஊரில் ஆடுகிறவனைத் தட்டி எழுப்பும் மருந்து. இதற்கான சோதனை 2006-இல்தான் வந்தது. முதல் முறை சிக்கினால் தடை கிடையாது, கூடுதல் சோதனை மட்டுமே.

4. மறைப்பு மருந்தும் மீட்பு மருந்தும். சிறுநீரைப் பெருக்கி மற்ற மருந்தின் தடயத்தை நீர்த்துப்போகச் செய்வது ஒரு வகை. 2003 உலகக் கோப்பையிலிருந்து ஷேன் வார்னே திருப்பி அனுப்பப்பட்டது இப்படியொரு மாத்திரைக்குத்தான். 2018-இல் ராபின்சன் கானோ சிக்கிய ஃபுரோசெமைடும் இதே இனம். இன்னொரு வகை ஹெச்சிஜி. கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோன் இது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் ஆணின் உடல் தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை நிறுத்திவிடும். அதை மறுபடி ஓட வைக்க ஹெச்சிஜி பயன்படும். 2009-இல் மேனி ராமிரெஸ் தடைபட்டதும், 2025-இல் புரோஃபார் தடைபட்டதும் இந்த ஹெச்சிஜிக்குத்தான்.

1998: எல்லோரும் பார்த்தும் பார்க்காத கோடை

1994 ஆகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1904-க்குப் பிறகு முதல் முறையாக, பட்டத்தைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் நடக்கவில்லை. ரசிகர்கள் கடும் கோபத்தில் இருந்தார்கள், மறு ஆண்டு அரங்குகளில் கூட்டம் குறைந்தது. அந்தக் கூட்டத்தைத் திரும்ப அழைத்து வந்த பெருமை 1998 கோடைக்கு உண்டு. ரோஜர் மாரிஸ் 1961-இல் அடித்த 61 ஹோம் ரன் சாதனையைத் துரத்திக்கொண்டு செயின்ட் லூயிஸின் மார்க் மெக்குவையரும் சிகாகோவின் சாமி சோசாவும் போட்டி போட்டு அடித்தார்கள். கடைசியில் மெக்குவையர் 70, சோசா 66.

அந்த ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன், மெக்குவையரைச் சுற்றி நின்ற நிருபர் கூட்டத்தில் இருந்தபடி, அவருடைய லாக்கர் தட்டில் ஒரு பழுப்பு நிறப் பாட்டிலைக் கவனித்தார். மேலே எழுதியிருந்த பெயர் ஆண்ட்ரோஸ்டீன்டயோன். உடலுக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் பொருள். ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்தில் தடை. ஆனால் அமெரிக்கக் கடைகளில் சத்துப்பொருள் என்ற பெயரில் யாரும் வாங்கலாம், பேஸ்பாலிலும் தடை இல்லை. மெக்குவையரும் அதை எடுப்பதாக ஒப்புக்கொண்டார். செய்தி வந்ததும் திட்டு வாங்கியது நிருபர்தான். அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்த்தார் என்று அணி மேலாளரே சண்டைக்கு வந்தார். பேஸ்பாலில் அன்று யாருக்கும் உண்மை தேவைப்படவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. ஸ்டீராய்டு எடுத்ததையும் மெக்குவையர் ஒப்புக்கொண்டார், 2010 ஜனவரியில்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். ஹோம் ரன் கூடினாலே மருந்து என்று முடிவு கட்டக் கூடாது. லீக் முழுவதிலும் அதிக ஹோம் ரன் அடிக்கப்பட்ட ஆண்டு 2019, மொத்தம் 6,776. சோதனை கடுமையாக நடக்கும் காலம் அது. அங்கே காரணங்களில் முக்கியமானது பந்து. காற்றில் அதன் இழுவை குறைந்திருந்தது.

விதி எப்படி வந்தது?

ஸ்டீராய்டை 1990-லேயே அமெரிக்கச் சட்டம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. 1991-இல் லீகின் தலைமை நிர்வாகியான அன்றைய ஆணையர் ஃபே வின்சென்ட், ஸ்டீராய்டுக்கு இடமில்லை என்று எல்லா அணிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். ஆனால் சோதனை கிடையாது. வேக வரம்பு அறிவிப்பை நட்டுவிட்டு அளக்கும் கருவியை வைக்காத சாலைதான் அது.

ஏன் வைக்கவில்லை? சோதனை என்பது வேலை நிபந்தனை. அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி அதைச் சங்கத்தோடு பேசித்தான் கொண்டுவர முடியும். வீரர்கள் சங்கமோ முதலாளிகளைத் துளியும் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 1980-களின் நடுவில் அணி உரிமையாளர்கள் கள்ளக்கூட்டு சேர்ந்து, மற்ற அணி வீரர்களுக்கு விலை பேசாமல் சம்பளத்தை அமுக்கினார்கள். கண்டுபிடிக்கப்பட்டு 28 கோடி டாலர் நஷ்டஈடு கட்டினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் நம் சிறுநீரைக் கொடுப்பதா என்று சங்கம் கேட்டது. முதலாளிகளும் விடாப்பிடியாக நிற்கவில்லை. ஹோம் ரன் கூட்டத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில், அன்று சங்கம் இல்லாத வீரர்கள் மீது மட்டும் 2001-லேயே சோதனையைச் சுமத்திவிட்டார்கள்.

அப்புறம் நடந்தவை:

1. 2002: 1996-இல் தான் சிறந்த வீரர் விருது வாங்கியது ஸ்டீராய்டு எடுத்து ஆடித்தான் என்று கென் காமினிட்டி பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். நெருக்கடியில் சங்கம் இறங்கி வந்தது. பெயர் வெளியிடாமல் ஒரு மதிப்பீட்டுச் சோதனை நடத்தலாம், 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் தண்டனையோடு கூடிய சோதனை வரட்டும் என்று ஒப்பந்தமானது.

2. 2003: சோதனை. மறுக்கிறவர் சிக்கியவராகக் கணக்கிடப்படுவார் என்பது விதி. சிகாகோ வைட் சாக்ஸ் வீரர்கள் சிலர், நாங்கள் சோதனைக்கே மறுத்துவிடுகிறோம், அப்படியாவது சதவீதம் ஏறிக் கட்டாயச் சோதனை வரட்டும் என்று திட்டமிட்டார்கள். சங்கம் பேசித் தடுத்தது. மருந்து எடுக்காதவர்கள் எவ்வளவு மூச்சுத்திணறி இருந்தார்கள் என்பது இதில் தெரியும். முடிவு 5 முதல் 7 சதவீதம். சோதனை வந்தேவிட்டது.

3. 2004: பெயர் வராது என்ற வாக்குறுதி உடைந்தது. வீரர்களுக்கு ஊக்கமருந்து வழங்கிய பால்கோ நிறுவனத்தின் மீதான வழக்கில் அரசு விசாரணையாளர்கள் சோதனை நிறுவனத்தின் ஆவணங்களையே அள்ளிச் சென்றார்கள். அதிலிருந்து அலெக்ஸ் ரோட்ரிகெஸ் உட்படச் சில பெயர்கள் 2009-இல் கசிந்தன.

4. 2005: நாடாளுமன்ற விசாரணை. மார்ச் 17 அன்று ரஃபேல் பல்மேரோ என்ற வீரர் விரலை நீட்டி, நான் ஸ்டீராய்டு தொட்டதே இல்லை என்றார். ஆகஸ்ட் 1-இல் ஸ்டானோசொலாலுக்காகத் தடைபட்டார். அன்றைய தண்டனை வெறும் 10 நாள். அந்த ஆண்டு முடிவில் முதல் தவறுக்கு 50 ஆட்டம், இரண்டாவதற்கு 100, மூன்றாவதற்கு ஆயுள் தடை என்று ஏறியது.

5. 2007: முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலின் அறிக்கை, 89 வீரர்களின் பெயரோடு.

6. 2014: முதல் தவறு 80, இரண்டாவது 162, மூன்றாவது ஆயுள். இன்றைய விதி இதுதான். ஆண்டில் பாதி, முழு ஆண்டு, வாழ்நாள்.

ஒப்பந்தத்தில்தான் விதி உயிரோடு இருக்கிறது என்பதற்கு 2021-22 குளிர்காலம் சாட்சி. ஒப்பந்தம் முடிந்து முதலாளிகள் கதவடைப்பு செய்தார்கள். 2021 டிசம்பர் 2 முதல் 2022 மார்ச் 10 வரை ஸ்டீராய்டு சோதனையே நடக்கவில்லை. வீரர்கள் தசை கட்டும் மாதங்களே அவை. இப்போதுள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ஆம் தேதியோடு முடிகிறது.

சோதனையில் ஓட்டை எங்கே?

இன்று ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. ஆனால் வேதியியலுக்கு ஓர் அடிப்படை எல்லை உண்டு: எதைத் தேடுகிறோமோ அதைத்தான் கண்டுபிடிக்க முடியும். கலிஃபோர்னியாவின் பால்கோ நிறுவனம் வழங்கிய 'தி கிளியர்' என்ற திரவம் அப்படித்தான் தப்பியது. அதில் இருந்த டிஹெச்ஜி என்ற ஸ்டீராய்டு எந்தப் பட்டியலிலும் இல்லாத புது மூலக்கூறு. 2003-இல் ஒரு தடகளப் பயிற்சியாளர் அதன் மிச்சம் ஒட்டியிருந்த ஊசிக்குழலை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பிவைத்தார். டான் கேட்லினின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் அதை உடைத்துப் பார்த்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. ஆக, பிடித்துக் கொடுத்தது ஒரு மனிதன். மிட்செல் அறிக்கைக்கு ஆதாரம் தந்தவர்களில் ஒருவர் மெட்ஸ் அணியின் அறை ஊழியராக இருந்தவர்.

டெஸ்டோஸ்டிரோன் விஷயம் இன்னும் சிக்கல், ஏனென்றால் அது எல்லார் உடம்பிலும் இருக்கிறது. அதன் இணையான எபிடெஸ்டோஸ்டிரோனோடு ஒப்பிடுவார்கள். பெரும்பாலானோருக்கு இது ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும். நாலுக்கு ஒன்றைத் தாண்டினால் சந்தேகம். அடுத்து கார்பன் சோதனை. கடையில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் சோயா, சிலவகைக் கிழங்கு போன்ற தாவரப் பொருளிலிருந்து செய்யப்படுவதால், அதிலுள்ள கார்பன் அணுக்களின் விகிதம் உடம்பு தானே சுரப்பதிலிருந்து சற்று மாறுபடும்.

இத்தனை நுட்பமும் ஒரு கூரியர் கடை நேரத்தில் தடுக்கி விழுந்த கதை உண்டு. 2011 அக்டோபர் 1, சனிக்கிழமை. மில்வாக்கியின் ரயன் பிரான் அன்றைய பிளேஆஃப் ஆட்டம் முடிந்ததும் மாதிரி கொடுத்தார். சேகரித்தவர், இந்த நேரத்தில் கூரியர் போகாது என்று நினைத்து, முத்திரையிட்ட பாட்டில்களைத் தன் வீட்டில் வைத்திருந்து திங்கட்கிழமை அனுப்பினார். ஆய்வகத்துக்கு வந்தபோது முத்திரை உடையவில்லை. முடிவு டெஸ்டோஸ்டிரோன் மிகுதி. ஆனால் மாதிரியை அன்றே அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததே! 2012 பிப்ரவரியில் சமரச நடுவர் ஷியாம் தாஸ் தடையை நீக்கினார். சேகரித்தவர் மீது சந்தேகம் எழும்படி பிரான் பத்திரிகையாளர் கூட்டத்தில் பேசினார். மறு ஆண்டு மயாமி பக்கத்து பயோஜெனிசிஸ் என்ற கிளினிக்கின் கணக்குப் புத்தகம் வெளியே வந்தது. சோதனையில் சிக்காமலே, அந்த ஏட்டின் அடிப்படையில் பிரானுக்கு 65 ஆட்டமும் இன்னும் பதின்மூன்று பேருக்குத் தடையும் விழுந்தன. பிரான் மன்னிப்புக் கேட்டார், சேகரித்தவரிடமும் சேர்த்து. சம்பந்தமே இல்லாத ஒரு மனிதர் ஒன்றரை ஆண்டு நாடு முழுக்கப் பழி சுமந்தார் என்பது எனக்கு இந்தக் கதையில் ஹோம் ரன் கணக்குகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

தண்டனைக் கணக்கு

பணத்தைப் பார்ப்போம்.

1. பயோஜெனிசிஸில் 50 ஆட்டம் தடைபட்ட ஜானி பெரால்டாவுக்கு, அதே 2013 நவம்பரில், செயின்ட் லூயிஸ் நாலு ஆண்டுக்கு 5.3 கோடி டாலர் கொடுத்தது. மற்ற வீரர்கள் வெளிப்படையாகவே பொருமினார்கள்.

2. நெல்சன் குரூஸும் அதே பட்டியல். ஓராண்டு கழித்து அவருக்குக் கிடைத்தது நாலு ஆண்டு, 5.7 கோடி டாலர்.

3. கானோ 2020-இல் இரண்டாம் முறை சிக்கி, 2021-க்கான சுமார் 2.4 கோடி டாலரை முழுதாக இழந்தார். மிச்ச ஆண்டுகளின் சம்பளம் ஒப்பந்தப்படி வந்தது.

அணி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது, ஏனென்றால் தண்டனை எது என்பதைக் கூட்டு ஒப்பந்தம் முன்பே வரையறுத்துவிட்டது. அதற்கு மேல் ஒரு தண்டனை தனியாகக் கொடுக்க அணிக்கு அதிகாரம் இல்லை. சங்கம் இதில் உறுதியாக நிற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். காயம்பட்ட, வயதான வீரனின் ஒப்பந்தத்தைச் சாக்குச் சொல்லிக் கழற்றிவிட அணிகள் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் விளைவு என்ன? பத்து லட்சத்துக்கும் நாலு கோடிக்கும் நடுவில் நிற்கிற வீரனுக்கு, ஒரே ஒரு நல்ல ஆண்டு வாழ்க்கையை மாற்றும். சிக்கினால் பாதி ஆண்டு போகும். இந்தக் கணக்கை அவன் போடாமல் இருப்பான் என்று எதிர்பார்ப்பது கடினம்.

புகழ் மண்டபம்

புள்ளிவிவரங்களை லீக் தொடவில்லை. மருந்துச் சந்தேகம் சூழ்ந்த பாரி பாண்ட்ஸின் 762 ஹோம் ரன் ஏட்டில் அப்படியே இருக்கிறது. தீர்ப்பு சொல்லும் வேலை கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்துக்கு வாக்களிக்கும் எழுத்தாளர்கள் தலையில் விழுந்தது. 75 சதவீதம் வேண்டும், பத்து ஆண்டு அவகாசம். 2022-இல், கடைசி வாய்ப்பில், பாண்ட்ஸுக்கு 66 சதவீதம், அதே சந்தேகத்துக்கு ஆளான பிட்சர் ரோஜர் கிளெமென்ஸுக்கு 65.2. அதே ஆண்டு, 2003 பட்டியலில் பெயர் இருந்ததாகச் செய்தி வந்த டேவிட் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே தேர்வானார். இந்தக் காலம் முழுவதும் ஆணையராக இருந்த பட் செலிக்கும் உள்ளே இருக்கிறார். வீரர்கள் வெளியே, அவர்களை ஆடவிட்டு வசூல் பார்த்தவர் உள்ளே. இந்தப் பாகுபாட்டுக்கு நேர்மையான நியாயம் எதையும் நான் கேட்டதில்லை.

அடித்தட்டு

மேஜர் லீக் பெயர்கள் செய்தியாகின்றன. அதிகம் அடிபடுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசில் மேஜர் லீக்கின் முப்பது அணிகளுக்கும் பயிற்சி முகாம் உண்டு. அங்கே 16 வயதில் ஒப்பந்தம் போடலாம். வாய்மொழிப் பேச்சு அதற்கும் பல ஆண்டு முன்பே முடிந்துவிடும். பையனைச் சிறு வயதிலேயே எடுத்துச் சோறு போட்டுப் பயிற்சி கொடுக்கிறவர்களை அங்கே 'புஸ்கோன்' என்பார்கள். பையன் கையெழுத்திட்டால் அந்தத் தொகையில் அவருக்குப் பங்கு. பந்து வேகம் மணிக்கு மூன்று மைல் கூடினால் தொகை பல மடங்காகும். ஊசியில் என்ன இருக்கிறது என்று கேட்கிற வயதா அது? கால்நடைக்குப் போடும் மருந்தைச் செலுத்திக்கொண்டு உயிரை விட்ட சிறுவர்களைப் பற்றிய செய்திகள் அங்கிருந்து வந்திருக்கின்றன. அந்தப் பையன்கள் இன்னும் எந்த அணியோடும் கையெழுத்திடாதவர்கள். அதனால் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. முதலாளியும் சங்கமும் உட்கார்ந்து எழுதுகிற அந்த ஒப்பந்தத்தில் அவர்களுக்காகப் பேச நாற்காலியும் இல்லை.